கல்யாணசுந்தரியின் மூக்கு

நெரவி கல்யாணசுந்தரிக்கு வயது ஐம்பத்திரண்டு. அதில் இருபத்தாறு வருஷத்தைக் காரைக்காலில் ஒரே முதலாளி வீட்டுத் தானியக் கிடங்கில் கழித்தாயிற்று. காலையில் எட்டேகால் பஸ், சாயங்காலம் ஆறு மணி பஸ். சனிக்கிழமை என்றால் திருநள்ளாற்றுக் கூட்டம் பஸ் ஸ்டாண்டையே விழுங்கியிருக்கும். நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். முழங்கால் ஒத்துக்கொள்ளாது. அவளைப் பற்றி யாரும் இதுவரை எழுதியதில்லை, எழுதும்படி அவளும் எதுவும் செய்துவிடவில்லை. அவளிடம் ஒரு மூக்கு இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அது சாதாரண மூக்கல்ல.

கிடங்கில் அவள் சேர்ந்தது கூட்டிப் பெருக்குவதற்கு. அப்போது பெரிய முதலாளி நூகு மரைக்காயர் உயிரோடு இருந்தார். நெல், உளுந்து, மக்காச்சோளம் என்று மூட்டை வியாபாரம். ஒரு மழைக்காலம், கையில் துடைப்பத்தோடு ஓர் அடுக்குக்குப் பக்கத்தில் நின்றவள், "மொதலாளி, இதுல நடுவுல ஒரு மூட்ட மக்குதுங்க" என்றாள். அவர் சிரித்தார். கல்யாணசுந்தரி பெருக்காமல் அங்கேயே நின்றாள். கடைசியில், சரி, இவள் வாயை அடைக்கவாவது பார்ப்போம் என்று ஆட்களை விட்டு அடுக்கைப் பிரித்தார். அவர்கள் அவளைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. நாலாவது வரிசையில், நடு மூட்டையில் குத்தூசியைச் செருகி இழுத்தபோது, அதன் பள்ளத்தில் தானியம் ஒன்றோடொன்று ஒட்டிப் பச்சைப் பூசணமாக வந்தது.

அன்றைக்குத் துடைப்பம் வேறு கைக்குப் போனது, குத்தூசி இவள் கைக்கு வந்தது. மூட்டையைப் பிரிக்காமலே உள்ளிருந்து ஒரு பிடி தானியம் எடுக்கிற இரும்பூசி அது. அதில் வருவதை உள்ளங்கையில் கொட்டி, விரல்களை மூடி, வாயால் சூடாக ஓர் ஊது ஊதி, நாலு மூச்சு விட்டுக் கையைத் திறந்து முகர்வாள். நல்லது, மட்டம், கழித்துக்கட்டு. அவள் சொன்னால் சொன்னதுதான். பக்கத்துக் கிடங்குக்காரர்கள்கூட மரைக்காயரிடம் கேட்டு அவளை அழைத்துப் போவார்கள். படிப்பு எட்டாவதோடு சரி, நிலமோ நகையோ கிடையாது. ஊரில் அவளுக்கென்று ஒரு பெயர் இருந்ததென்றால் அது மூக்கால் வந்த பெயர். "மூக்குத்தி போட வக்கில்லாத மூக்குக்கு வந்த பவுச பாருங்க" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பெரியவர் காலமானதும் மகன் காஜா நஜ்முதீன் துபாயிலிருந்து திரும்பினார். மூட்டை வியாபாரத்தில் பாதியைச் சத்துமாவுத் தொழிலாக மாற்றினார். மக்காச்சோளம், கேழ்வரகு, பாசிப்பயறு, வேர்க்கடலை எல்லாம் வறுத்து அரைத்து அரைக்கிலோ பாக்கெட். பேர் பிறைச்சுடர். காரைக்கால், நெரவி, மேற்கே அம்பகரத்தூர் வரைக்கும் கடைக்குக் கடை போனது. பல் முளைக்காத பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிற மாவு. அதனால் நஜ்முதீன் தானிய விஷயத்தில் கறாராக இருந்தார். கறார் என்றால் வேறென்ன, "சுந்தரிக்கா பாத்தாச்சா?" என்று கேட்பார். பார்த்தாயிற்று என்றால் வறுக்கப் போகும்.

பிறகு கொரோனா வந்தது. இரண்டாவது அலையில் கல்யாணசுந்தரி ஒன்பது நாள் படுத்துக் கிடந்தாள். பிழைத்து எழுந்தபோது வாசனை போயிருந்தது. எல்லாருக்கும்தான் போயிற்று, எல்லாருக்கும் திரும்பியும் வந்தது. இவளுக்கு வரவில்லை. கற்பூரத்தை முகர்ந்தாள். காப்பிப் பொடியை முகர்ந்தாள். கடைசியில் மண்ணெண்ணெயை முகர்ந்தாள், கண்தான் எரிந்தது. அடுப்பில் குழம்பு தீய்ந்து புகை கிளம்பும்வரை தெரியாமல் நின்றவளைப் பார்த்துப் புருஷன் ராஜ்மோகனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்ததிலிருந்து அவருக்குப் பாரமான வேலை எதுவும் முடியாது. "வெளில சொல்லாத" என்றார். அவளும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஒரு வருஷம் அவள் பட்ட பாடு நாய் படாது. வழக்கம்போலக் குத்துவாள், மூடுவாள், ஊதுவாள், முகர்வாள். மூக்குக்குள் ஒன்றும் வராது, வெறும் காற்று. விரலில் பிசுபிசுப்பு தட்டுகிறதா, பல்லில் கடித்தால் நறுக்கென்று உடைகிறதா என்று பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லுவாள். சந்தேகம் வந்தால் கழித்துக்கட்டிவிடுவாள். நல்ல சரக்கும் நாலு போயிருக்கும். எந்த நேரம் யார் கண்டுபிடிப்பார்களோ என்று மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். இதைப் பொய் என்று சொன்னால் பொய்தான். அவள் இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று கேட்டால், நமக்கும் பதில் வராது.

இந்த நேரத்தில்தான் நஜ்முதீன் கோயம்புத்தூரிலிருந்து ஓசோன் மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார். பீரோ அளவில் ஒரு பெட்டி. காற்றிலுள்ள பிராணவாயுவை மின்சாரத்தால் அடித்து ஓசோன் வாயுவாக்கி, குழாய் வழியாகத் தானியத் தொட்டியின் அடியில் விடும். வாயு தானியத்தின் இடுக்கெல்லாம் புகுந்து மேலே ஏறும்போது பூசணத்தைக் கொல்லும். பூசணம் விட்டுவைத்த நஞ்சையும் பெருமளவு முறிக்கும். வேலை முடிந்ததும் காற்றோடு காற்றாகக் கலைந்துவிடும், தானியத்தில் தங்காது. வறுத்தாலும் வேகவைத்தாலும் போகாத நஞ்சு அது என்பதால்தான் இவ்வளவு பாடு.

பொருத்த வந்த ஃபிட்டர் ஒரு எச்சரிக்கை சொன்னார். "இந்த வாயுவ மனுஷங்க சுவாசிக்கக் கூடாதுங்க. கசிஞ்சா சுருக்குனு ஒரு நெடி வரும். வந்தா நிறுத்திட்டு வெளிய வந்துடணும். செவுத்துல மாட்டறதுக்குன்னு ஒரு அலாரம் இருக்குது, வாங்கிப் போட்டுக்கங்க."

"எங்களுக்கு எதுக்கு அலாரம்? அதான் சுந்தரிக்கா இருக்காங்கள்ல" என்றார் நஜ்முதீன். எல்லாரும் சிரித்தார்கள். கல்யாணசுந்தரியும் சிரித்தாள். தனிக் கொட்டகையில் வைத்த மிஷின் அவள் பொறுப்புக்கு வந்தது; அது ஓடும்போது வேறு யாரும் உள்ளே போவதில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த மிஷின் வந்த பிறகுதான் அவளுக்கு நிம்மதியாகச் சோறு இறங்கியது. எந்தச் சரக்கு வந்தாலும் தொட்டியில் கொட்டி ஓட்டிவிடலாம். ஓட்டி முடித்ததும் ஒரு பிடி எடுத்து, மூடி, ஊதி, முகர்ந்து, "நல்லாருக்கு" என்று சொல்லலாம். சோதித்துப் பார்க்க சிவப்ரியா என்று ஒரு பெண்ணையும் வேலைக்குப் போட்டிருந்தார்கள். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ஒரு பிடி தானியத்தை அரைத்துக் கரைத்து அதில் ஒரு சின்ன அட்டையை நனைப்பாள். இரண்டு சிவப்புக் கோடு விழுந்தால் நல்லது. ஒரு கோடு மட்டும் விழுந்தால் நஞ்சு இருக்கிறது. "சுந்தரிக்கா, வாடை போறது வேற, வெஷம் போறது வேற. வாடை மொதல்ல போயிடும், அத வச்சு ஏமாந்துடக் கூடாது" என்று அவள் அடிக்கடி சொல்வாள். கல்யாணசுந்தரி தலையாட்டுவாள். மூன்று வருஷம் இப்படி ஓடியது. அட்டையும் மூக்கும் ஒரு நாளும் மாறுபட்டதில்லை.

இந்த ஐப்பசியில் மழை பிய்த்து உதறியது. பெரம்பலூர் பக்கத்திலிருந்து வந்த மக்காச்சோள லோடு தார்ப்பாய்க்குள்ளேயே ஈரமாகி வந்தது. அதே சமயம் சிவப்ரியாவுக்குக் குடல்வால் ஆபரேஷன், மூன்று வாரம் லீவு. அட்டைச் சோதனை அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. "மூணு வாரந்தானே. மிஷின் இருக்கு, சுந்தரிக்கா மூக்கு இருக்கு" என்றார் நஜ்முதீன். முதல் வாரம் முதல் லாட், அதாவது முதல் தொட்டிச் சரக்கு, நன்றாக ஓடி முடிந்தது. அடுத்ததை ஏற்றும்போது, மிஷின் குழாய் தொட்டியில் சேருகிற இடத்திலிருந்த சிலிக்கான் வளையம் கிழிந்துவிட்டது. கோயம்புத்தூருக்குப் போன் போட்டால், பதினைந்து இருபது நாளில் அனுப்புகிறோம் என்றார்கள்.

நம் பக்கத்தில் ஒழுகுவது எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான். பம்புசெட் குழாயா, மருந்தடிக்கிற ஸ்பிரேயரா, வீட்டுத் தண்ணீர்க் குழாயா, பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிச் சுற்றிவிடு. ஆயுசுக்கும் நிற்கும். கல்யாணசுந்தரி சின்ன வயசிலிருந்து பார்த்த வைத்தியம். டியூப்பை வெட்டி வளையமாக்கிப் பொருத்தி, மேலே ஒரு சுற்றுச் சுற்றி, கம்பி போட்டு முறுக்கினாள். மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது. ரப்பரை ஓசோன் தின்றுவிடும் என்று ஃபிட்டர் சொன்னாரோ, சொல்லவில்லையோ, சொல்லியிருந்தாலும் அவள் காதில் ஏறவில்லை. பச்சை விளக்கு மிஷின் வாயு தயாரிக்கிறது என்பதற்குத்தான், அது தொட்டிக்குள் போகிறது என்பதற்கல்ல. அதுவும் அவளுக்குத் தெரியாது. இரண்டாவது லாட் ஓடியது. மூன்றாவதும் ஓடியது. "நல்லாருக்கு" என்றாள். இரண்டும் வறுத்து அரைத்துக் கடைகளுக்குப் போய்விட்டன.

அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சு கரகரவென்றது, கண்ணும் எரிந்தது. மழைக்காலம், தூசி, வயசு என்று மூன்று காரணத்தை அவளே சொல்லிக்கொண்டு சுக்குக் காப்பி குடித்தாள்.

சிவப்ரியா திரும்பி வந்தது ஒரு திங்கட்கிழமை. நாலாவது லாட் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணசுந்தரி மிஷின் கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்து எலுமிச்சைச் சாதம் தின்றுகொண்டிருந்தாள். கதவைத் திறந்த சிவப்ரியா உள்ளே ஓர் அடி வைத்தவள், முகத்தில் அறைந்ததுபோல் பின்வாங்கித் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சுந்தரிக்கா, வெளிய வாங்க. மொதல்ல வெளிய வாங்க."

"ஏண்டி, என்ன?"

"எப்புடி உள்ள ஒக்காந்து சாப்புடுறீங்க? கண்ணு எரியுது, நிக்க முடியல." சிவப்ரியா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி மிஷினை நிறுத்தி, கல்யாணசுந்தரியின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அரை மணி நேரம் கதவைத் திறந்துபோட்ட பிறகு இருவரும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். சைக்கிள் டியூப் தொட்டவுடன் கரிப்பொடியாக உதிர்ந்தது. வாயுவில் பெரும்பகுதி தொட்டிக்குள் போகாமல் கொட்டகைக்குள்ளேயே சுற்றியிருக்கிறது. எத்தனை நாளாக என்று யார் சொல்வது?

"இவ்ளோ நெடி. உங்களுக்குத் தெரியலயாக்கா?" என்றாள் சிவப்ரியா.

"சளி பிடிச்சிருக்குடி" என்றாள் கல்யாணசுந்தரி.

ஒவ்வொரு லாட்டிலும் மாதிரிக்கு ஒரு டப்பா தானியம் எடுத்து வைப்பது வழக்கம். சிவப்ரியா மூன்று டப்பாக்களையும் எடுத்து வந்து, மேஜையில் மூன்று அட்டைகளை வரிசையாக வைத்தாள். முதல் லாட்டில் இரண்டு கோடு, சுத்தம். இரண்டாவதில் ஒரு கோடு நன்றாக விழுந்தது, இன்னொன்று இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாவதில் ஒரே கோடுதான். சிவப்ரியா இன்னொரு அட்டை வைத்துப் பார்த்தாள். அதிலும் ஒன்றுதான்.

கடைகளில் இருப்பது பால் குடிக்கிற பிள்ளைகளின் கஞ்சி.

சேதி கேட்டு நஜ்முதீன் வந்தார். டியூப் கதையை முழுதும் கேட்டார். கோபப்படுவார் என்று பார்த்தால், அவர் அட்டைகளைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். "மூணு வாரமா இந்த அட்டை ஈரத்துல கெடந்திருக்கும், சிவப்ரியா. மழ நேரம். இத நம்பி அவ்வளவு சரக்கையும் திரும்ப எடுக்கச் சொல்றியா? கடக்காரன்லாம் இனிமே நம்ம மாவ தொடுவானா?" மூன்றாவது டப்பாவைத் திறந்து கல்யாணசுந்தரியின் உள்ளங்கையில் ஒரு பிடி கொட்டினார். "சுந்தரிக்கா, நீங்க பாருங்க. எங்க வாப்பா காலத்துலேர்ந்து உங்க மூக்கு பொய் சொன்னதில்ல. நீங்க சொல்லுங்க, அதுபடி செய்யலாம்."

அவர் என்ன பதில் கேட்க ஆசைப்படுகிறார் என்பது குழந்தைக்கும் புரிந்திருக்கும். நல்லாருக்கு என்று ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் கடை, பெயர், வேலை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். சிவப்ரியாவின் அட்டை கெட்டுப்போன அட்டையாகிவிடும். கல்யாணசுந்தரி விரல்களை மூடினாள். வாயால் ஊதினாள். நாலு மூச்சு விட்டாள். கையைத் திறந்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். இழுத்தாள். இன்னும் ஒரு தடவை இழுத்தாள். ஒன்றுமில்லை. நாலு வருஷமாக இருக்கிற அதே ஒன்றுமில்லை. அவளுக்கு அலுத்துவிட்டது. பயம்கூட ஒரு கட்டத்துக்கு மேல் அலுத்துத்தான் போகும்போல.

"எனக்கு எதுவும் தெரியல, மொதலாளி."

"சளியா?"

"சளியில்லீங்க. கொரோனாவுல போனது. திரும்பவே இல்ல."

நஜ்முதீனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "அப்ப இத்தன வருஷமா நீங்க நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொன்னது?"

"மிஷின நம்பிச் சொன்னேங்க. அதுல ஓட்டுனா சுத்தமாயிடும்னு..."

"நாங்க உங்கள நம்பித்தானேக்கா மிஷின விட்டோம்." அவர் குரல் உயரவில்லை. "அலாரம் வேணாம்னேன். அட்ட பாக்க இன்னொரு ஆளு வேணாம்னேன். எல்லாம் நீங்க இருக்கீங்கன்னுதான். யா அல்லாஹ்."

கல்யாணசுந்தரிக்கு அழுகை வந்தது. அழுதாள். அழுதால் என்ன, அழாவிட்டால் என்ன?

நஜ்முதீன் டப்பாவை மூடினார். "ரெண்டு லாட்டும் திரும்ப வரணும். ஒரு பாக்கெட் விடாம" என்றார். பிறகு கல்யாணசுந்தரியின் முகத்தைப் பார்க்காமல், "குத்தூசிய சிவப்ரியாட்ட குடுத்துடுங்கக்கா" என்றார். கொடுத்தாள். அடுத்த மாதத்திலிருந்து பாக்கெட் ஒட்டுகிற பகுதிக்கு வரச் சொன்னார். கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை, அந்த மட்டும் பெரிய மனசுதான். ஆனால் அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

மறுநாளிலிருந்து நாலு பேர் நாலு பக்கம் பிரிந்து பாக்கெட் பொறுக்கப் போனார்கள். அம்பகரத்தூர்ப் பக்கத்தை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடை கடையாக ஏறி இறங்கினாள். இருமல் வேறு, பேச ஆரம்பித்தால் வார்த்தையைப் பாதியில் வெட்டியது. "பூசணம் பிடிச்ச சரக்கு கலந்துடுச்சு, திரும்பக் குடுங்க" என்று எத்தனை தடவை சொல்வது? சிலர் உடனே எடுத்துக் கொடுத்தார்கள். ஒருவர் அரைமணி நேரம் திட்டிவிட்டுக் கொடுத்தார். கோயில் தெருவுக்குப் பின்னால் ஒரு கடையில் மீதியிருந்த பாக்கெட்டுகளைக் கொடுத்துவிட்டு, வாங்கிப்போனவர்களில் நினைவிருந்த மூன்று வீடுகளைக் கடைக்காரர் அடையாளம் சொன்னார். முதல் வீட்டில் பாக்கெட் பிரிக்காமலே இருந்தது. இரண்டாவது வீட்டில் கால்வாசிதான் செலவாகியிருந்தது. அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மூன்றாவது வீடு அல்லி என்கிற இளம்பெண்ணுடையது. இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. நல்ல கொழுகொழு குழந்தை. விஷயத்தைச் சொன்னதும் அல்லி உள்ளே போய்ச் சுத்தமாகக் காலியான இரண்டு பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தாள். இரண்டிலும் மூன்றாவது லாட்டின் எண்.

"தீந்துடுச்சேக்கா. காலையும் சாயங்காலமும் இதத்தான் குடுத்தேன். வேற எத குடுத்தாலும் துப்பிடுவா. இத மட்டும் வழிச்சு வழிச்சுத் தின்னா."

"ஆஸ்பத்திரில ஒரு வாட்டி காட்டிடும்மா. மொதலாளி செலவ பாத்துக்குறேன்னுருக்காரு."

"என்ன ஆவும்க்கா?"

காரைக்காலில் ஒரு டாக்டரிடம் நஜ்முதீன் விசாரித்திருந்தார். இந்த அளவுக்கு இப்போதைக்கு ஒன்றும் தெரியாமலே போகலாம், உடம்புக்குள் என்ன செய்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது, கல்லீரலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். கல்யாணசுந்தரி அதை அப்படியே சொன்னாள். பாதி அல்லிக்குப் புரிந்தது. புரிந்த பாதியே போதுமாயிருந்தது. குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் கடையில வெல கம்மியா வேற மாவுதாங்க கேட்டேன். கடக்காரருதான், இத வாங்கும்மா, காரைக்கால்ல ஒரு அம்மா இருக்காங்க, ஒவ்வொரு மூட்டையையும் அவங்க கையால எடுத்து மோந்து பாத்துத்தான் அரைக்க விடுவாங்கன்னு சொன்னாரு. அத கேட்டுத்தான் வாங்குனேன்." அல்லி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தம்மா இத பாக்கலியா?"

கல்யாணசுந்தரி அந்தக் காலி பாக்கெட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது.

"நாந்தாம்மா அது" என்றாள்.